வெறும் தண்ணி

— மறுபடியும் நகர்ந்துடுச்சுக்கா.

— எவ்வளவு?

— நேத்து மாதிரியேதான். வெறும் தண்ணிதான் விட்டேன். திரையில வெளிச்சக் கோட்டுல விழுற குழி அசையாம நிக்கணும். அது பாட்டுக்கு வலப்பக்கம் போகுது.

— மூணு மணிக்கு ஆய்வு நிலைய இயக்குநர் நாலு பேரோட வர்றார்டா. இப்பவே ஒண்ணு இருபது.

— எனக்கு மட்டும் தெரியாதா?

— உனக்கு என்ன தெரியும்? சொந்தத் தம்பியைக் கொண்டாந்து தங்கம் பூச வச்சா பூச்சு பல்லிளிக்கத்தான் செய்யும்னு போன வாரம் என் முகத்துக்கு நேரா சொன்னார். இன்னிக்கும் வெறும் தண்ணியில குழி நகர்ந்து ஈயம்னு காட்டுச்சுன்னா இந்த அறையைப் பூட்டிடுவார். ஆறு வருஷம்டா. வேற ஒண்ணையும் நான் பார்க்கலை இந்த ஆறு வருஷமா.

— தங்கத்துல குறை இல்லைக்கா. சத்தியமா சொல்றேன். கண்ணாடியில இருக்கிற ஒவ்வொரு வரிப்பள்ளத்துலயும் ஒரே சீரா படிஞ்சிருக்கு. நீயேதானே மைக்ராஸ்கோப்புல பார்த்தே?

— பார்த்தேன். ஆனா வீடு மாறுன நாள்லேருந்து உன் புத்தி இங்க இல்லை. மூணு வாரமா தூங்கி வழியுறே. இந்தச் சனியனும் சரியா மூணு வாரமாத்தான்.

— பாப்பா தூங்க விட்டாத்தானே? காலை மடக்கி மடக்கி அழறா. குடிச்ச பாலை அப்படியே கக்கிடுறா. டாக்டரைக் கேட்டா பல் முளைக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்ங்கிறார்.

— சரி, விடு. சூடு?

— இருபத்தஞ்சு. ஏசியை நான் தொடவே இல்லை.

— குழாய்ல காத்துக் குமிழி?

— இல்லை. ரெண்டு தடவை தட்டிப் பார்த்துட்டேன்.

— அப்ப விளக்கு முன்னாடி இருக்கிற போலரைசர் திரும்பியிருக்கும்.

— அது திரும்பினா குழியே விழாதுக்கா. வெளிச்சம் வரிக்குக் குறுக்கே அதிர்ந்தாத்தான் தங்கம் அதை விழுங்கும்னு நீதானே சொல்லிக் குடுத்தே? நல்லா விழுங்குது. விழுங்குற இடம்தான் மாறிக்கிட்டே போகுது.

— பின்ன என்னதான்டா? நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்? தண்ணியில ஈயம் இருக்கான்னு பார்க்கிற கருவி, ஒண்ணுமே இல்லாத தண்ணியைப் பார்த்தும் இருக்கு இருக்குங்குது. எவன் நம்புவான்?

— அழாதேக்கா.

— அழலை. தலையை முட்டிக்கலாம் போல இருக்கு.

— கண்ணைத் துடை. ஒண்ணு பண்ணலாம். ஈயத்தைப் பிடிக்கிற மருந்து தடவாம, தங்கம் மட்டும் பூசின தட்டு டப்பாவுல ஒண்ணு கிடக்கு. அதை மாட்டி இதே தண்ணியை விடுவோம். அதுலயும் குழி நகர்ந்துச்சுன்னா குத்தம் என் தங்கத்துலதான். நானே இயக்குநர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வேலையை விட்டுடறேன்.

— வாயைக் கழுவு. தட்டைக் குடு, நான் மாட்டுறேன்.

— பார்த்துக்கா, ஓரத்தைப் பிடி.

— பேசாம பம்பைப் போடு.

— போட்டாச்சு. தண்ணி ஓடுது.

— திரையைப் பாரு.

— நிக்குது.

— இன்னும் ரெண்டு நிமிஷம் பாரு. அவசரப்படாதே.

— நிக்குதுக்கா. மயிரிழை கூட நகரலை. பார்த்தியா, என் தங்கம் பத்தரை மாத்து.

— இரு, இரு. அப்ப தங்கம் சரி. சூடு சரி. மருந்து தடவின தட்டுலதான் நகருது. அமிலம் விட்டுக் கழுவினா பழைய இடத்துக்கு வந்துடுது. திரும்ப இந்தத் தண்ணியை விட்டா திரும்ப நகருது.

— ஆமா. அதைத்தானே மூணு வாரமா பார்த்து மண்டை காயுது.

— மருந்து ஈயத்தைத் தவிர வேற எதையும் தொடாது. அந்த பாட்டிலை எடு.

— எது?

— 'வெறும் தண்ணி'ன்னு உன் கையால எழுதி ஒட்டியிருக்கியே, அது. ஸ்டோர்ல இருந்து எந்தத் தேதியில வந்த வாலை வடிநீர்?

— அது வந்துக்கா...

— தேதியைக் கேட்டேன்.

— ஸ்டோர்ல இருந்து வரலை. வடிநீர் கேன் தீர்ந்துபோச்சு. கேட்டா இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சாங்க. உன்கிட்ட சொன்னா நீ டென்ஷன் ஆவே. வேலை நிக்கக் கூடாதேன்னு வீட்டுலேருந்து கொண்டாந்து ஊத்தினேன். சுத்தமான தண்ணிதான்கா. பாப்பாவுக்குப் பால்மாவு கலக்கன்னு அரைமணி நேரம் கொதிக்க வச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டினது.

— கொதிக்க வச்சா கிருமி சாகும்டா. ஈயம் சாகாது.

— குழாய் எல்லாம் பழசுன்னு குடிபோறப்பவே வீட்டுக்காரர் சொன்னார். ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்கா, நீ வேணா பாரு. அப்படின்னா கருவி சரியாத்தான் சொல்லியிருக்கா? மூணு வாரமா?

— சரியாத்தான் சொல்லியிருக்கு.

— அப்ப தப்பிச்சோம்கா. பக்கத்து லேப்ல ஒரு லிட்டர் வடிநீர் கடன் வாங்கிட்டு ஓடி வர்றேன். மூணு மணிக்கு ஜம்முனு காட்டிடலாம். என்னக்கா, ஏன் இப்படிப் பார்க்கிறே?

— பாப்பா எப்போ பால் குடிப்பா?

— ஒண்ணரைக்கு. ஏன்?

— போனை எடு. வீட்டுக்குப் போடு.

— அக்கா...

— எடுடா.

— ஹலோ. நான்தான். எதையும் கேக்காதே, காரணம் அப்புறம் சொல்றேன். முதல்ல பாப்பா வாயில இருந்து புட்டியை எடு.