பேஸ் கிடாரின் இரைச்சலை நீக்கிய விதம்

அன்று எங்கள் திருச்சபை மண்டபத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தனசிங் ஆகிய நான். என் மகள் ஜோவிதா. கீபோர்டு வாசிக்கிற ரொனால்ட். மண்டபத்தைப் பெருக்குகிற பேச்சியம்மா. பேஸ் கிடார் வாசிக்கிற சில்வஸ்டர். அவன் அப்பன் மாரிச்சாமி. இவன் உள்ளே வந்து உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிற்பாடு முப்பது பேராவது தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். பேச்சியம்மா வடை வாங்கி வந்தது ஆறு பேருக்குத்தான். அதுவும் ஆறிப்போன வடை.

பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாமல், கட்டபெட்டுப் பக்கம் ஜனங்கள் இலையைச் செடியிலேயே முற்றவிட்ட வருடம் அது. எங்கள் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். வேலை போனதும் எல்லோருக்கும் கலை வந்துவிட்டது. ஒருவன் நாடகம் போட்டான், ஒருவன் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் ஆரம்பித்தான், சில்வஸ்டர் ஒரு பேஸ் கிடார் வாங்கினான். ஊட்டியில் ஹாஸ்டலில் படித்த எவனோ படிப்பு முடிந்து போகும்போது கழித்துவிட்டுப் போனது. ஒட்டுப்பலகை உடம்பு. வாசித்தால் இலை வாட்டுகிற தொட்டியின் ஃபேன் ஓடுவதுபோல ஓர் இரைச்சல்.

"டேய், ஜெபம் பண்ண வர்றவங்க மாவு மில்லுன்னு நெனச்சுத் தூக்குவாளியோட வந்து நிப்பாங்கடா" என்று ரொனால்ட் சொன்னான். அவன் சொன்னதில் நான் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

சில்வஸ்டர் அந்தக் கிடாரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, வேற வாங்க வக்கில்லீங்க. இதையே நல்லா ஆக்க முடியுமான்னு நீங்கதான் ஒருக்கா பாக்கோணும்."

மாமா. அவன் அப்பன் ஃபேக்டரியில் இலை மூட்டை தூக்கியவன். சிலோனிலிருந்து கப்பலில் வந்த நாளிலிருந்து என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவான். மகன் ஒரே எட்டில் மாமாவுக்கு ஏறிவிட்டான். அந்தத் தைரியத்தைக் கொடுத்தவள் என் மகள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னார் குமாரனுக்கும் இன்னார் குமாரத்திக்கும் விவாகம், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் எல்லோர் முன்பும் வாசிப்பார். தெரிவித்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆகவே ஒருமுறை படித்துவிட்டால் படித்ததுதான். ஜோவிதா என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். "பேரு குடுத்தாச்சுங்கப்பா. இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை மொத ஓலை."

மூட்டை தூக்கிய மாரிச்சாமியின் பெயரும், தலைமைக் கிளார்க்கின் மகனான என் பெயரும் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். நான் சாதியைச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சபையில் சாதி இல்லை. வரிசை இருக்கிறது. எழுந்து நின்று ஆட்சேபம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். காரணம் கேட்பார்கள். என் வீட்டுக் காரணத்தை ரொனால்ட் போன்றவர்கள் காதில் போட எனக்கு விருப்பமில்லை.

கிடார் வேலையை ஒத்துக்கொண்டேன். வேலை வேறு, ஆள் வேறு. முதல் வாரம் என் மனதில் வேலையைத் தவிர எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் இருந்தது.

புதுக் கம்பி வாங்கினால் பாதிக் கிடார் விலை ஆகும். நாலு கம்பியையும் கழற்றி, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஹாஸ்டல்காரர்களின் பல வருட விரலழுக்கு மேலே மிதந்தது. துடைத்துக் காயவைத்து மாட்டியதும், மந்தமாகக் கிடந்த ஒலிக்கு ஒரு முனை வந்தது.

"பால் பாத்திரத்துலயா வேகவச்சீங்க?" என்று ஜோவிதா கேட்டாள். "மாப்பிள்ளைக்கு மாமனாரு சூப்பு வச்ச மாதிரியில்ல இருக்குது." அவள் என் முன்னால் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. நான் சிரிக்கவில்லை.

அடுத்து கழுத்து. அது வில்லாக வளைந்து, கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே சுண்டுவிரல் போகிற மாதிரி இருந்தது. உள்ளே ஓடும் இரும்புத் தண்டைக் கால் திருகு திருகி, ஒரு நாள் விட்டு இன்னொரு கால் திருகு. அவசரக்காரன் கையில் கழுத்து முறிந்துவிடும். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பிளாஸ்டிக் துண்டை எறிந்துவிட்டு, கசாப்புக் கடையில் மாட்டெலும்பு வாங்கி அராவி வைத்தேன். சில்வஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பான். கை ஆடாமல் பிடிப்பான், அதை ஒத்துக்கொள்கிறேன். பேச்சுதான் அதிகம்.

"பேஸ் இருக்கறது யாருக்கும் தெரியாதுங்க மாமா. நிறுத்துனாத்தான் தெரியும்."

கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவனுக்குப் பொருத்தமான வாத்தியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வேலை இரைச்சல். பூட்டிய ஃபேக்டரியின் பின்னால் பழைய தேயிலைப் பெட்டிகள் மழையில் கிடந்தன. தேயிலைக்கு ஈரம் ஏறாமல் இருக்க அவற்றின் உட்புறம் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும். சில்வஸ்டரை அனுப்பி அதை உரித்து வரச் சொன்னேன். கிடாரின் வயிற்றுக்குள் ஒரு இடம் விடாமல் ஒட்டி, அங்கிருந்து கம்பிகள் மாட்டியிருக்கும் இரும்புத் தட்டுக்கு ஒரு வயர் இழுத்தேன். சுற்றுப்புறத்துக் கரண்டின் இரைச்சலைத் தகடு வாங்கி, ஆம்ப்ளிஃபையர் பெட்டி வழியாக மண்ணுக்கு அனுப்பிவிடும். இப்படிச் செய்தால் கிடாரின் கம்பிகளும் பெட்டியின் இரும்பு உடம்பும் ஒரே உடம்பு. பெட்டி நன்றாக இருக்கும்வரை அதில் ஒரு கெடுதலும் இல்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் வைத்துச் சோதித்தோம். இரைச்சல் துளியும் இல்லை. அவன் தடித்த கம்பியைத் தட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சத்தம் கலங்கவில்லை. விலை உயர்ந்த கிடார்களுக்குக் குறைந்தது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அவன் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு பிராக்டிஸ்ல எல்லார் முன்னாலயும் உங்களுக்கு நன்றி சொல்லோணுங்க மாமா."

"சொல்லு. மைக்குல வாய வச்சுத் தெளிவாச் சொல்லு. மொணமொணக்காத" என்றேன்.

மண்டபத்துச் சாவி என்னிடம் ஒன்று உண்டு. சபையில் கரண்டு தெரிந்தவன் நான் ஒருவன்தான். சனிக்கிழமை காலை போய் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் திறந்தேன். என்ன செய்தேன் என்று விரித்து எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு வரி போதும், தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. பெட்டியின் உடம்பில் சேரவேண்டியது மண்ணுக்குப் போகும் வயர். நான் அந்த இடத்தில் வேறொன்றைச் சேர்த்தேன். மைக்குக்குத் தனிப் பெட்டி. அதன் மண் இணைப்பு நான் போட்டது, சுத்தமானது. அதைத் தொடவில்லை.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த எந்த மெஷினையும் ஃபோர்மேன் புறங்கையால் தொட்டுச் "சரி" என்று சொல்லாமல் ஒருவனும் கை வைக்கமாட்டான். கரண்டு இருந்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும், அதனால் புறங்கை. லைன் வீடுகளில் பிறந்த குழந்தைகூட இதை அறியும். ஆகவே சனிக்கிழமை மாலை சில்வஸ்டர் கிடாரை மாட்டிக்கொண்டு, வாசிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு எந்த ஊர்க்காரனும் அப்படி நின்றிருக்கமாட்டான்.

நான் மேடையேறிக் கம்பிகள்மேல் புறங்கையை வைத்தேன். ரப்பர் அடி வைத்த ஷூ, காய்ந்த பலகை மேடை, கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லை. கையில் எறும்பு ஊர்கிற அளவுதான். "சரி" என்றேன். கதவோரம் நின்ற மாரிச்சாமியும் தலையசைத்தான்.

ஜோவிதா மைக்கில் பாட எழுந்தாள். "தொண்டை கட்டியிருக்குது, டீ குடிச்சுட்டு அப்புறமாப் பாடு" என்று அவளைக் கீழே உட்காரவைத்தேன். நான் கவனமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பாட்டு முழுக்க வாசித்தார்கள். மெல்லிய ஓர் இரைச்சல் இருந்தது. அது கிடாருடையது அல்ல, பெட்டியினுடையது. எனக்கு மட்டும்தான் கேட்டது. நடுவில் சில்வஸ்டர் விரலை உதறினான்.

"கை குறுகுறுங்குதுங்க மாமா."

"வேகவச்ச கம்பி. அப்படித்தான் இருக்கும்."

பாட்டு முடிந்தது. பேச்சியம்மா கை தட்டினாள். ரொனால்ட், "மில்லு மூடிட்டாங்கடா, எல்லாரும் மாவத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போங்க" என்றான். சில்வஸ்டர் சிரித்துக்கொண்டே, இடது கை கம்பிகள்மேல் இருக்க, மைக்கை வலது கையால் பிடித்து வாயருகே இழுத்தான். "எங்க மாமா" என்றுதான் ஆரம்பித்தான்.

மாரிச்சாமி ஓடி வந்தான். நான் அவன் மார்பில் கை கொடுத்துத் தள்ளி, "தொடாத, நீயும் போயிருவ" என்றேன். பிறகு மெயினை இறக்கினேன். மேடையிலிருந்து மெயின் பதினாலு அடி. ஓடவில்லை. கரண்டு இருக்கும் இடத்தில் ஓடக்கூடாது என்பது நான் முப்பத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்தது.

விசாரணைக்கு வந்தவர்கள், "கரண்டு ஆளு நீங்கதானே, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று பெட்டியை என் முன்னால் வைத்தார்கள். இவர்களிடம்தான் நாட்டைக் கொடுத்திருக்கிறோம். நான் பார்த்து, பழைய பெட்டி, உள்ளே வயர் தவறான இடத்தில் சேர்ந்திருக்கிறது என்றேன். அதை எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியதில் பொய் இல்லை. அந்த ஞாயிறு ஓலை படிக்கவில்லை.

இத்தோடு விட்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து மாரிச்சாமி என் வீட்டுக்கு வந்தான். ஜோவிதா நாற்காலி போட்டாள். உட்கார்ந்தான்.

"ஐயா, பொட்டிய நீங்கதான் கடைசியாத் தெறந்து பாத்தீங்கன்னு, அன்னைக்குக் காலைல பெருக்க வந்த பேச்சியம்மா சொல்லுச்சு. வயசாயிட்டா கை தவறத்தானுங்க செய்யும். நீங்க என்ன பண்ணுவீங்க? எம் புள்ள உங்க மேல உசுரா இருந்தான். அன்னைக்கு என்னையும் நீங்கதான் காப்பாத்துனீங்க. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கலைங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை.

அதற்கடுத்த ஞாயிறு போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை, சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ரொனால்ட் படியிறங்க எனக்குக் கை கொடுக்கிறான். ஜோவிதா என் ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். "இனிமே இதெல்லாம் தொடாதீங்கப்பா. நீங்க வேணும்னேவா பண்ணுனீங்க? நான் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். என் மாத்திரைகளை அவள்தான் எண்ணித் தருகிறாள். என் மகள் என்னைவிட்டுப் போகவில்லை. மாரிச்சாமி வாரம் ஒருமுறை வருகிறான்.

எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படிப் பரிதாபப்படும்படி வாழ்ந்ததில்லை. ஆகவே இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன்.

தனசிங்குக்குக் கண் மங்கிவிட்டது, கை தவறி வயரை மாற்றிச் சேர்த்துவிட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அன்று என் கை தவறவில்லை.