வெள்ளை மூடிக் குப்பி

பெயர் சந்திரகலா த/பெ முத்தையா, வயது 36, ரவாங்கில் குடியிருக்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக லேப் டெக்னீஷியன். பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையத்தில் சார்ஜன் விமலன் கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வது.

தொண்டைப் புற்று முற்றும்போது திசுவில் ஒரு குறிப்பிட்ட என்சைம் கூடுகிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும், பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்ட இரண்டு குப்பிகள் வரும். சிவப்பு மூடியில் கட்டியின் திசு, வெள்ளை மூடியில் அதன் ஓரத்தில் எடுத்த நல்ல திசு. சிவப்பில்தான் அளவு கூடுதலாக இருக்கும். வெள்ளையில் கூடினால் புற்று ஓரத்துக்கும் பரவியிருக்கலாம், அதனால் அன்றே அறுவை மருத்துவருக்கு போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி.

சென்ற ஆண்டு ஜூன் 11ஆம் தேதி, 47ஆம் எண்ணில் வெள்ளை கூடுதலாக வந்தது. மறுபடி அளந்தேன், அதே அளவு. அதன் பிறகு, ஆபரேஷன் தியேட்டரில் யாரோ மூடியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து, கம்ப்யூட்டரில் இரண்டு அளவுகளையும் இடம் மாற்றி எழுதினேன். போன் செய்யவில்லை. அவர்கள் வேலை அரைகுறை, என் வேலை சுத்தம் என்ற திமிர் எனக்கு இருந்தது.

இந்த மாதம் 3ஆம் தேதி அதே 47ஆம் எண்ணில் இரண்டாம் அறுவையின் திசு வந்தது. முன்பு நல்ல திசு எடுத்த இடத்திலேயே கட்டி என்று கூட வந்த தாளில் இருந்தது. உறைந்த குப்பியைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றதில் விரல்கள் மரத்துப்போயின.

அதன் பிறகு அனுமதி இல்லாமல் பெயர்ப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பக்கிரிசாமி, 58, கிள்ளான், லோரி ஓட்டுநர். அதன் பிறகு ஆய்வுத் தலைவர் டாக்டர் குருவிடம் சொன்னேன். "லாயர்கிட்ட கேட்டுட்டு பேசலாம், அதுவரைக்கும் சும்மா இரு லா" என்றார்.

என்னால் இருக்க முடியவில்லை. மறுநாள் கிள்ளானில் அவர் இருந்த மருத்துவமனைக்குப் போய், அவருடைய மகள் மாதவியிடம் நடந்ததைச் சொன்னேன். முதல் அறுவையில் குரல் தப்பியிருந்தது. இந்த முறை குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மாதவி கத்தவில்லை. "ஒரு போன்தானே அக்கா?" என்று மட்டும் கேட்டார். பக்கிரிசாமி அங்கிள் கழுத்தில் துளையோடு படுத்திருந்தார். என்ன விஷயம் என்று மகளைப் பார்த்துக் கையால் கேட்டார். மாதவி அவருக்குச் சொல்லும் வரை நான் அங்கே நிற்கவில்லை. அதன் பிறகு மாதவி, தான் வேலைக்கு வரும் பிரிக்பீல்ட்ஸில், இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

வேறு யாருடைய அளவையாவது இப்படி மாற்றினீர்களா என்று சார்ஜன் கேட்கிறார். மாற்றினேன். இன்னும் ஐந்து பேர். பெயர்கள் எனக்குத் தெரியாது. எண்கள் 12, 29, 33, 51, 60. அவர்களுடைய மருத்துவர்களுக்கு இன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. ஐந்து எண்களும் மாறாமல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நானே இரண்டு முறை பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. சந்திரகலா