டீபக்கர் சொன்ன பேர்

...இல்ல ஸார், சமாதானமெல்லாம் சொல்லாதீங்க. காலையிலேருந்து மூணு தடவை இந்தக் கம்ப்யூட்டர் க்ராஷ் ஆகி விழுந்திருக்கு. ரத்த டெஸ்டுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட வெளியில உட்கார்ந்திருக்காங்க. ட்யூப்ல ஒட்ட லேபிள் வரல. உங்க கம்பெனி ப்ரிண்டரையெல்லாம் கழட்டச் சொல்லி நான்தான் எங்க லேப் மேனேஜருக்கு எழுதினேன். பன்னெண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவார். உங்க வேலை போயிடும்னு முகத்தைத் தொங்கப்போட்டா ஆச்சா?

ஆதாரம் கேட்டீங்கல்ல? பாருங்க. இது டம்ப். விழற நிமிஷத்துல மெஷின் மனசுல என்ன இருந்துச்சோ, அத்தனையும் இதுல கொட்டியிருக்கு. அதைப் படிச்சு யார் மேல தப்புன்னு சொல்ற ப்ரோக்ராம்தான் டீபக்கர். என்ன சொல்லுது? ‘அநேகமாகக் காரணம்: ப்ரிண்டர் டிரைவர்.’ ப்ரிண்டரை ஓட்டறதுக்கு உங்க கம்பெனி எழுதிக் குடுத்த சாஃப்ட்வேர். அநேகமாவா... அட, அது அடக்கமான சுபாவம், விடுங்க! எங்க வீட்டுக்காரர்கூட ‘அநேகமா கதவைப் பூட்டிட்டேன்’பார். அன்னிக்குப் பூட்டல... சரி, அது வேற கதை.

மேல இருக்கிற அந்த வரியா? அது எப்பவும் புலம்பும் ஸார். ‘சிம்பல் ஃபைல் கிடைக்கல, கீழ வர்றது தப்பா இருக்கலாம்’னு. எந்த இடத்துல எந்த வேலை நடந்துச்சுன்னு பேர் சொல்ற ஃபைல் அது. சிஸ்டத்தோடது இருக்கு, நெட்வொர்க்கோடது இருக்கு, உங்களோடதுகூட இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இல்ல. எதுவா? ஒரே லேபிள் ரெண்டு தடவை வராம இருக்க நான் எழுதின குட்டி டிரைவரோடது. நானே எழுதினதுக்கு எனக்கெதுக்கு ஸார் பேர் சொல்ற ஃபைல்? மனப்பாடம்!

சரி, உங்க திருப்திக்குப் போடறேன். என் ஃபோல்டர்லதான் கிடக்கு... இந்தா. திரும்பப் படிக்கச் சொல்றேன். அதே பேர்தான் வரும், பாருங்க...

ம்.

இருங்க, இன்னொரு தடவை ஓட்டறேன்...

மூணு டம்ப்லயும் ஒரே இடம். வேலை முடிஞ்சதுன்னு விட்டுக்குடுத்த மெமரியை ஒரு வரி திரும்பப் போய்த் தொட்டிருக்கு. உங்க டிரைவர் பாவம், பக்கத்துல நின்னிருக்கு, அவ்வளவுதான். யார் எழுதின வரியா? என்ன கேள்வி ஸார், திரையிலதான் இருக்கே... ‘சோதிக்கத் தேவையில்லை’ன்னு நான் போட்ட குறிப்போட.

என் டிரைவரை நிறுத்திட்டேன். நீங்க உங்க ப்ரிண்டர் வயரைத் திரும்பச் சொருகுங்க, லேபிள் வரட்டும். நான் மேனேஜரைப் பார்த்துச் சொல்லிட்டு வர்றேன், இன்னும் பத்து நிமிஷம் இருக்கு... என்ன, நீங்களும் வர்றீங்களா? வேணாம்னு சொல்ற நிலைமையிலயா நான் இருக்கேன்... வாங்க. ஆனா சிரிக்கறதா இருந்தா இங்கயே சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.