தாளம் பிசகவில்லை

எனக்கு வியர்வை நாற்றம் ஆகாது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சந்தைப் பக்கம் போனால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பேன்.

பராலோஸ் ஆடும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, காலில் கட்டிய மரக்கட்டையால் தாளம் தட்டுகிறவன் நான். ஆட்டக்காரன் வாயைத் திறக்க மாட்டான். பாட வேறு ஆட்கள் உண்டு. கதையை அவன் கை சொல்லும். அந்தியோக்கியா முழுக்க அந்தக் கையைப் பார்த்து உருகியது. நான் பார்த்தது வேறு. இடுப்பு மெலிய வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்னால் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுப்பான். கிண்ணத்தை நான் பிடிக்க வேண்டும். பிறகு என் மேல்துண்டில் வாயைத் துடைத்துக்கொள்வான். அவன் வியர்வை துடைத்த துணிக்காகப் பெரிய வீட்டுப் பெண்கள் வாசலில் அடித்துக்கொள்வார்கள். ஒருத்தி அதை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று காலையில் அவன் எப்போதும்போலத்தான் பேசினான்.

“தெமியாஸ் அண்ணே, இன்னிக்கி ஹெராக்ளீஸ் சாகுற கட்டம். கால் தூங்கிடாம பாத்துக்க.”

“என் கால் என்னிக்கிப்பா தூங்கிச்சு?”

“தூங்கல, கிழடாயிருச்சு. அடுத்த திருவிழாவுக்கு அலெக்சாந்திரியாலேர்ந்து ஒருத்தன் வர்றான். நீ வீட்டுல உக்காந்து பேரப்புள்ளைக்குத் தொட்டில் ஆட்டு. அந்தத் தாளம் உனக்குச் சரியா வரும்.”

பாடகர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் செய்ததற்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை.

முகமூடியை அவனே கட்டிக்கொள்ள முடியாது. பின்கழுத்தில் முடிச்சுப் போடுவதும் என் வேலை. அன்று முகமூடியின் பழைய வாரைக் கழற்றிவிட்டு, பதப்படுத்தாத தோல் வார் ஒன்றை ஊறப்போட்டு எடுத்து, அவன் தொண்டையைச் சுற்றிக் கட்டினேன்.

“ஜில்லுன்னு இருக்குண்ணே” என்றான்.

“வெயிலுக்கு இதமா இருக்கும்” என்றேன்.

கதை உங்களுக்குத் தெரியும். மனைவி கொடுத்தனுப்பிய விஷச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹெராக்ளீஸ் துடித்துச் சாக வேண்டும். உச்சி வெயிலில் வார் காய்ந்து சுருங்கியது. பராலோஸ் கழுத்தைப் பிறாண்டினான். சட்டையைக் கிழிக்கிறான் என்று கூட்டம் அழுதது. ஆட்டக்காரர்களின் முகமூடிகளில் உதடு மூடியே இருக்கும். உள்ளே இருப்பவன் கத்தினாலும் பாட்டுச் சத்தத்தில் கேட்காது.

எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. இடது உள்ளங்கையை என் பக்கம் காட்டினால் நான் தாளத்தை நிறுத்த வேண்டும். தாளம் நின்றால் பாட்டும் நிற்கும், ஆட்கள் ஓடி வருவார்கள். அவன் காட்டினான். மறுபடியும் காட்டினான். கடைசியில் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தான். அந்தக் கை வியர்வையில் வழவழவென்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உதறிவிட்டுத் தாளத்தைக் கூட்டினேன்.

அவன் அசையாமல் கிடந்தபோது அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது. இப்படி ஒரு சாவை யாரும் ஆடியதில்லை என்றார்கள். கைதட்டல் ஓயும்வரை அவனை யாரும் தொடவில்லை.

அருவருப்பினால் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று எழுத வேண்டாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கைதட்டல் பராலோசுக்கு என்று ஊரெல்லாம் பேசுகிறார்களாம். அதற்கு முன்பே அவன் செத்துவிட்டான், ஐயா. அவர்கள் தட்டியது எனக்குத்தான். அதையும் எழுதுங்கள்.