மாப்பிள்ளைக்கு நல்ல பம்ப்

ஆயில் பம்ப் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெரியதைத்தான் கேட்பார்கள், ஸார். கல்யாணப் பந்தியில் பெரிய கரண்டி வைத்திருப்பவர் பக்கம் இலையைத் தள்ளுவதுபோலத்தான். சாயாவை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது விடுகிற புகையை யூதர் தெருவில், ஜூ டவுனில், வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பாலக்காட்டுக்காரர், ராமபத்ரன் ஸார், தமிழ் நன்றாகத் தெரியும் என்றார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. நான் சிகாபுதீன். இந்த மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் கிடங்கை ஒட்டி வண்டி உதிரிபாகக் கடை. மனைவி மெஹருன்னிசா மவுத்தாகி வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் முஹ்சினா. அவள்தான் இன்று காலை உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, தன் புருஷனின் சாவுக்குத் தானே காரணம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னவள். பெண்ணுக்கு மனசு சரியில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் விடமாட்டாள். நாளையும் வருவாள். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

மருமகன் நிஹால் நல்ல பையன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பேச்சுவாக்கில் விட்டுப்போகும். ஒரு சாதாரண சின்னக் காரின் என்ஜினைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றி, பந்தயத்துக்கு ஓடவைக்கிறவன். அவன் அதைக் கிளப்பினால் பக்கத்துக் கிடங்கில் சுக்கு மூட்டைகள் தாமாக நகரும். சாப்பாட்டு மேசையில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வால்வுகளைப் பரப்பி வைத்துவிட்டு, முஹ்சினா திட்டினால் சிரிப்பான். கல்யாணத்துக்கு நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன்: வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். சரி மாமா என்றான். இருந்தான்.

பிறகு கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் குழு அவனைக் கூப்பிட்டது. அவன் கட்டிய என்ஜினோடு அவர்கள் பாதையில் காரை ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வேலை, வீடு எல்லாம் அங்கேயே. முஹ்சினா கடைக்கு ஓடிவந்து சொன்னாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அத்தா, நீங்களும் வந்துடுங்கோ. கடையை வாடகைக்கு விட்டுடலாம்."

"நான் அங்கே வந்து என்ன செய்ய, மோளே? கோயம்புத்தூர்ல கடலே இல்லையே" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பெட்டி கட்டப் போனாள். மறுபடி கேட்கவில்லை. ஒரு முறைதான் கேட்டாள், ஸார்.

அந்த வாரம் நிஹால் பம்ப் பார்க்க வந்தான். இந்த மேசையில்தான் இரண்டையும் எடுத்து வைத்தேன். ஒன்று அந்த என்ஜினோடு வருகிற அளவு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் கடினமானது. இன்னொன்று பெரியது, அதிகம் தள்ளுவது, பார்க்கவே அழகு.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பம்ப் எண்ணெயை உண்டாக்காது. என்ஜினுக்கு அடியில் சம்ப் என்று ஒரு தட்டு இருக்கிறது. அதிலிருந்து எண்ணெயை எடுத்து மேலே அனுப்பும். மேலே போனது வடிந்து கீழே வந்து சேரும். வண்டியை முழு வேகத்தில் விடாமல் பிடித்து ஓட்டினால், பெரிய பம்ப் எண்ணெயை வடிகிற வேகத்தைவிட அதிகமாக மேலே தள்ளிவிடும். மேலே எண்ணெய் குளமாக நிற்கும், கீழே தட்டு வறண்டிருக்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். பெரியதைப் போடுகிறவர் சம்ப்பையும் ஆழமாக்க வேண்டும். இது தெரியாமல் நான் கடை நடத்தவில்லை.

அவனுக்கும் தெரிந்திருந்தது.

"மாமா, பெரிசு போட்டா சம்ப்பும் மாத்தணும்னு குழுவிலே சேவியர் சொல்றார். நம்ம வண்டிக்குச் சின்னதே போதும்னுதான் எனக்கும் தோணுது."

"சேவியர் பொறக்கறதுக்கு முந்தியே நான் இந்தச் சாமானை விக்கிறேன், மாப்பிள்ளை. சம்ப் ஆழமானா அடி தட்டும். அது அப்படியே இருக்கட்டும். பெரிசைப் போடுங்க. இது என்னோட அன்பளிப்பு, கேட்டோ."

அவன் என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். மனைவியின் தகப்பன் சொன்னதைத் தட்டக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. இந்தக் காலத்தில் அபூர்வம்.

என்ஜின் போகட்டும் என்றுதான் நினைத்தேன். என்ஜின்தானே. குழுக்காரர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள், நான் நல்ல நெய்மீனாகப் பார்த்து வாங்கி வைப்பேன். இதோடு முடிந்திருந்தால் என்மேல் நீங்கள் என்ன வழக்குப் போட முடியும்? மருமகனுக்கு வேண்டியதைவிட அதிகமாகக் கொடுத்தார் என்று உங்கள் சட்டத்தில் பிரிவு ஏதாவது இருக்கிறதா? சும்மா கேட்டேன். நீங்கள் சிரிக்கலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்ட வேண்டிய அன்று காலை முஹ்சினா போன் செய்தாள். பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"அத்தா, இவங்க கொஞ்சம் சுத்தி ஓட்டிட்டு வந்து நிறுத்தியிருக்காங்க. பெரிய வளைவு திரும்பறப்போ ஆயில் பிரஷர் முள்ளு கீழே விழுதாம். இன்னும் ஓட்டலாமா, நிறுத்திடணுமான்னு உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க."

முள் விழுகிறது என்றால் தட்டு வறண்டுவிட்டது என்று பொருள். அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ என்ஜின் இறுகி நின்றுவிடும். எந்த இடத்தில் என்று அல்லாவுக்குத்தான் தெரியும் என்று சொல்லலாம். எனக்கும் தெரியும். அந்த வளைவு தாண்டினால் நேர்ப்பாதை, அங்கேதான் அவன் முழு வேகம் எடுப்பான். நிறுத்தச் சொன்னால் சேவியர் கழற்றிப் பார்ப்பார், சின்ன பம்பை மாட்டுவார், நாளைக்கு ஓட்டிக் காட்டுவார்கள். வேலை கிடைத்துவிடும். வாசலில் ஒருவர் விளக்குக் கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்தார். அவரை இருக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

"புது பம்ப் அப்படித்தான், மோளே. பழகணும். ஓட்டச் சொல்லு."

"உறப்பா, அத்தா? நிச்சயமா?"

"உறப்பு."

பிறகு அந்த விளக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

நேர்ப்பாதையின் பாதியில் என்ஜின் இறுகியது. முன்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொண்டன. கார் தடுப்புச் சுவரில் போய் மோதியது. நான் கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது நிஹாலுக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை. மறுநாள் உயிரும் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சேவியர் என்னிடம் கேட்டார், முள் விழுந்தபோது உங்களிடம் கேட்டார்களாமே என்று. முஹ்சினா என் தோளில் சாய்ந்து நின்றிருந்தாள். ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டுமே, ஸார்.

"ஓட்ட வேணாம்னுதானே சொன்னேன்" என்றேன். "அங்கே ஒரே சத்தம். பாவம், பிள்ளைக்குச் சரியாக் கேக்கலை."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வேணாம்னா சொன்னீங்க, அத்தா?"

"விடு மோளே. உன் மேலே யாருக்கும் கோபமில்லை."

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். அப்படி ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன் என்று அந்த வேதனையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதிலிருந்து அவள் தன் பழைய அறையிலேயேதான் கிடக்கிறாள். போனைத் தொடுவதில்லை. நான் உப்பு வாங்கி வரச் சொன்னால்கூட, "இன்னொரு தடவை சொல்லுங்கோ, அத்தா" என்று கேட்டு, என் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கும்பளங்கியிலிருந்து சிநேகிதி ஜஸ்னா வந்து கூப்பிட்டாலும் போவதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் செய்கிறாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், அது சரியாகிவிடும். வீட்டின் அமைதி அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இன்று காலை உங்களிடம் வந்து நிற்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பேனாவை ஏன் மூடி வைத்துவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் நான் கொடுத்தது. சம்ப்பை மாற்ற வேண்டாம் என்றது நான். ஓட்டச் சொன்னது நான். அவளுக்குச் சரியாகத்தான் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் சரியாகக் கேட்டது. கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கோயம்புத்தூருக்கே அனுப்ப மனம் வராதவன், சிறைக்கா அனுப்புவேன்?

ஒரே ஒரு உதவி, ஸார். ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறவளை ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடுங்கள். ஏதோ எந்திரக் கோளாறு, வழக்கு முடிந்தது என்று மட்டும் சொல்லுங்கள். நான் இன்று சொன்னது எதுவும் அவள் காதுக்குப் போக வேண்டாம். ஏற்கெனவே உடைந்துபோன பெண். இந்த உலகத்தில் அவள் நம்புவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?