பதினொன்றேகாலுக்கு முன் விழுந்த மடிக்கணினி

என் பெயரும் கதவு எண்ணும் இத்துடன் வைத்துள்ள தனித்தாளில் இருக்கின்றன. வயது நாற்பத்தேழு. கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடப் பொறுப்பாளராக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பதினாறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கணவருடன் வசிக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என் கணவர். நேற்று இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவரும் அவரே. நான் சொல்லப்போவது அவர் எழுதிக் கொடுத்ததோடு ஒத்துப்போகாது என்பதை எழுத்தரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரத் தூண்களை இயந்திரச் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார்கள். அந்த அதிர்வால் எங்கள் சுவர்களில் விரிசல் விட்டதாகச் சங்கம் அந்த பில்டர் மீது வழக்குப் போட்டிருக்கிறது. பதினான்கு மாதங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினாறு வீடுகளின் விரிசல்களையும் அளந்து, படம் எடுத்து, என் மடிக்கணினியில் ஏற்றி வந்தேன். ஏற்றியதும் கேமராவில் உள்ளதை அழித்துவிடுவேன். அளவுகளை நேராகவே தட்டச்சு செய்தேன். மாணவர்கள் நோட்டில் எழுதாமல் வந்தால் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே அனுப்புகிறவள் நான். என் சொந்த வேலைக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும் என்று கணவரிடம் ஐந்து வாரமாகச் சொல்லி வந்தேன். சங்கம் வாங்க வேண்டிய பொருள், தீர்மானம் போட்டுத்தான் வாங்க முடியும் என்றார். மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான் பேசினார்கள்.

நேற்று, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு அந்த டிஸ்க் கைக்கு வந்தது. வக்கீல் குமாஸ்தா பன்னிரண்டு மணிக்கு வருகிறார், அதற்குள் நகல் தயாராக வேண்டும் என்றார் என் கணவர். நான் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எட்டரைக்கு நகல் எடுக்கத் தொடங்கினேன்.

என் மடிக்கணினி பழையது. உள்ளே சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. தட்டின் மேல் ஒரு முனை, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதந்தபடி எழுதும், படிக்கும். அது தட்டைத் தொட்டால் தட்டு கீறிவிடும். அதனால் இத்தகைய கணினிகளில் அசைவை அறியும் ஒரு சிறு உணரி வைத்திருப்பார்கள். கணினி கையிலிருந்து நழுவினால், அந்தரத்தில் எடை இல்லாமல் போகும் அந்தக் கணத்தை அது கண்டுகொண்டு, தரையில் மோதும் முன்பே முனையைத் தட்டுக்கு வெளியே இழுத்து ஒதுக்கிவிடும். மேசை உயரத்திலிருந்து விழப் பத்தில் நான்கு பங்கு வினாடி ஆகும். முனை ஒதுங்க அதில் பாதி போதும். கணினியை அணைத்துவிட்டால் முனை ஏற்கெனவே ஒதுங்கித்தான் இருக்கும். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன். இது இல்லாமல் மீதி எதுவும் விளங்காது.

சிக்கல் என்னவென்றால், அந்த உணரிக்குத் தூண் அடிப்பதும் விழுவதும் ஒன்றுபோலத்தான். ஒவ்வோர் அடிக்கும் டிஸ்க் தன்னை நிறுத்திக்கொள்ளும், திரை உறையும், சில வினாடி கழித்து மறுபடி ஓடும், அதற்குள் அடுத்த அடி. ஒரு வாரம் முன்பு பொறுக்க முடியாமல் பால்கனியில் நின்று கீழே இருந்த மேஸ்திரியிடம், அடிப்பதற்கு முன்னால் ஒரு குரலாவது கொடுக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். எங்கள் குடியிருப்பில் அவரை இடி மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, "மாடி ஏறி வந்தே சொல்றேம்மா, நீங்க தொண்டையக் கிழிச்சுக்காதீங்க" என்றார். அன்று முதல் ஒரு நாளும் தவறாமல் வந்து சொன்னார். அவர் சொன்னதும் கணினியை அணைத்துவிடுவேன்.

நேற்று ஒன்பது மணி அடிக்கு முன்பும் வந்து சொன்னார். நகலைப் பாதியில் விட முடியாது என்று அணைக்காமல் இருந்தேன். அடி பத்தரை வரை நீண்டது. இரண்டு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஏறியிருந்தது. என் கணவர் பால்கனியில் போனில் பேசிக்கொண்டே இரண்டு முறை எட்டிப் பார்த்து, "இன்னுமா முடியல?" என்று கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது மணி பத்து ஐம்பது. அடுத்த அடி பதினொன்றேகாலுக்கு. அதற்குள் முடியாது, அடியிலும் நிற்காமல் ஓடட்டும் என்று கணினியின் செட்டிங்ஸுக்குள் போய் அந்த உணரியின் பாதுகாப்பை நிறுத்தினேன். நிச்சயமாக நிறுத்தவா என்று கணினி ஒரு முறை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அதன் பிறகு சார்ஜர் வயர் எட்டாததால், அதை அறைக்குக் குறுக்கே வாசல் பக்கத்து பிளக் வரை இழுத்து மாட்டினேன். அதன் பிறகு பதினொன்று ஐந்துக்கு மேஸ்திரி வந்தார். கதவு திறந்தே இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, இன்னும் பத்து நிமிஷத்துல தட்டப் போறோம், பொட்டிய மூடிடுங்க. நாளைக்கு நேரமும் எழுதி வச்சிருக்கேன்" என்று சட்டைப் பையில் கைவிட்டபடி உள்ளே ஓர் அடி வைத்தார். கால் வயரில் மாட்டியது. அவர் முழங்காலில் விழுந்தார். மடிக்கணினி மேசையிலிருந்து இழுபட்டுத் தரையில் விழுந்தது. அதன் பிறகு அவர் எழுந்து, அதை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். சத்தம் கேட்டுத் திரும்பிய என் கணவர் பார்த்தது அதை மட்டும்தான்.

அவர் போட்ட கூச்சலில் நான்கு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நான் அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். கணினியில் காதை வைத்து, உள்ளே டிக் டிக் என்று தட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேஸ்திரியை இந்த நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, தட்டில் வட்டமாக விழுந்திருந்த கீறலைக் காட்டி, இனி ஒன்றும் எடுக்க முடியாது என்றார். பிறகு, "மேசையிலேர்ந்துதான விழுந்துச்சு? இதெல்லாம் தாங்குற மாடலாச்சே. பாதுகாப்ப யாரு நிறுத்துனது?" என்று கேட்டார்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் மேஸ்திரி இன்னும் இங்கே இருக்கிறார் என்று தெரிந்தது. சாட்சியத்தை அழிக்க பில்டர் ஆள் அனுப்பினார் என்று நிரூபித்தால் வழக்கு நம் பக்கம் சாயும் என்று என் கணவர் விளக்கினார்.

"நீ பொய் சொல்ல வேணாம். பாத்தேன்னு மட்டும் சொல்லு."

"என்னத்தப் பாத்தேன்?"

"அவர் கையில லேப்டாப் இருந்துச்சா, இல்லையா?"

"விழுந்தத எடுத்துக் குடுத்தாருங்க."

"பதினாறு குடும்பம்மா. உனக்கு அந்த ஆளு மாமனா, மச்சானா?"

"வயரப் போட்டது நான். அந்தப் பாதுகாப்ப அணைச்சு வச்சதும் நான்."

"அத யாரு உங்கிட்ட கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் நானே இன்று வந்தேன்.

மேஸ்திரியின் பையில் கைப்பற்றியதாக ஒரு தாளை எனக்குக் காட்டினார்கள். அதில் "மூணாம் மாடி அம்மா" என்று எழுதி, அதன் கீழே வியாழன் 11.15, 3.40, வெள்ளி 9.00, 11.15 என்று இருக்கிறது. என் நடமாட்டத்தைக் கண்காணித்துக் குறித்தது என்று புகாரில் சொல்லியிருக்கிறது. அவை தூண் அடிக்கும் நேரங்கள். நான் கேட்டதற்காக எனக்கு எழுதியது. இன்று பதினொன்றேகாலுக்கு நான் வீட்டில்தான் இருந்தேன், சரியாக அதே நேரத்துக்குத் தூண் அடித்தார்கள். முன்னால் வந்து சொல்ல யாரும் இல்லை. அவர் இங்கே இருந்தார்.

எழுத்தர், "படிச்சவங்க நீங்களே இப்படிச் சொன்னா உங்க கேஸ் என்னம்மா ஆவும்?" என்று கேட்டார். புது டிஸ்க்கில் ஏறிய சிறு பங்கு தவிர அளவுகள் போய்விட்டன. அதை நீதிமன்றத்திலும் இப்படியே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை முதல் மறுபடி அளப்பேன், நோட்டில்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று இரண்டு முறை நானே படித்துப் பார்த்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை, வற்புறுத்தியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் புகாரைப் பார்த்து எழுதியதால் வந்த "எறிந்தார்" என்ற சொல்லை அடித்து, "தடுக்கி விழுந்தார்" என்று திருத்தச் செய்து, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
மூன்றாம் மாடியில் வசிப்பவர்
வெள்ளிக்கிழமை, பகல் 1.20