படத்தில் தள்ளி நின்றவள்

மாலை நாலே முக்கால் மணி. தீவைச் சுற்றி வரும் ஒரே ஒரு சாலை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் செங்குத்தான பாறை. அரை மணி நேரமாக எதிரில் ஒரு வண்டி கூட வரவில்லை...

ராத்திரி இல்லையே, நல்ல வெயில் நேரமாயிற்றே என்று பார்க்காதீர்கள். இது நடந்தது வெயிலில்தான். அந்தக் கதவைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

என்னோடு படித்த ஒருவனுடைய பெரியம்மா மகளுக்கு நடந்தது இது. அவன் அக்கா என்பான், நானும் அக்கா என்றே சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. ஒரு நூலிழை தள்ளியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். மூன்றாவது ஆள் அக்காவின் தங்கை. இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் 'குட்டி'தான். தூங்கும்போது மட்டும்தான் வாய் ஓயும், அதுவும் சந்தேகம் என்பார் மெக்கானிக்.

அக்காவும் குட்டியும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தொடங்கியது. அம்மா போன பிறகும் முடியவில்லை. கடைசியில் குட்டிதான் இறங்கி வந்தாள். எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாய், எங்கேயாவது போகலாம் வா என்று வாசலில் வந்து நின்றாள். அப்படிக் கிளம்பியதுதான் அந்தத் தீவு. காரைப் படகில் ஏற்றிக் காலையில் போய் இறங்குவது, ஒரு சுற்று சுற்றுவது, ஆறு மணிக் கடைசிப் படகில் திரும்புவது.

முதலில் கோட்டை ஊர். மதில் மேல் துருப்பிடித்த பீரங்கிகள். ஒரு பீரங்கிக்கு முன்னால் மூன்று பேரும் நின்றுகொண்டு, படம் எடுக்க யாராவது கிடைப்பார்களா என்று பார்த்தார்கள். ஓர் ஆள் வந்து கையை நீட்டினார். அறுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கிட்டே வந்ததும் ஒரு வாடை... ஈரத் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்து மறந்துவிட்டால் வருமே, அது. அக்கா தன் ஃபோனைக் கொடுத்தாள்.

"சின்னவங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அவர்.

குட்டி தள்ளி நிற்கவில்லை. அக்காவின் கையை இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஆள் ஃபோனைத் தூக்கிப் பிடித்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டினார். டக். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முப்பது கிலோமீட்டர் தாண்டி அருவி. பார்வை மேடையில் அதே ஆள், கையை நீட்டியபடி. பைக்கில் குறுக்கு வழியாக வந்திருப்பார், அவருக்கு இதே பிழைப்பாக இருக்கும் என்றார் மெக்கானிக். அந்தத் தீவில் குறுக்கு வழி என்று ஒன்றே கிடையாது. அது அப்போது அவர்களுக்குத் தெரியாது. மறுபடி அதே வார்த்தை. மறுபடி... டக்.

பழைய துறைமுக ஊரில், மணிக்கூண்டின் அடியிலும் அவர் நின்றுகொண்டிருந்தார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் வயசானவர் கை நீட்டும்போது எப்படி மறுப்பது? கொடுத்தார்கள்.

அந்த ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் நான் சொன்ன நாலே முக்கால். முன்சீட்டில் உட்கார்ந்து அக்கா படங்களைத் திறந்தாள்.

கோட்டைப் படத்தில் குட்டி கை கோத்து நிற்கவில்லை. ஓரடி தள்ளி நின்றாள். அருவிப் படத்தில் பத்தடி பின்னால், கம்பித் தடுப்பின் ஓரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மணிக்கூண்டுப் படத்தில் தெருக்கோடியில். மஞ்சள் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது... நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். மூன்று படத்திலும் அக்காவின் கை மட்டும், யாரையோ கோத்துப் பிடித்த மாதிரி மடங்கியே இருந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் குட்டி காலை நீட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் எதுவும் சொல்லாமல் அக்கா ஃபோனைக் கணவரிடம் காட்டினாள். அவர் ஒரு தடவை பார்த்தார். வேகத்தைக் குறைத்து இன்னொரு தடவை பார்த்தார். கலங்கரை விளக்கம் வேண்டாம், நேரே படகுத்துறைக்குப் போய்விடலாம் என்றார்.

கலங்கரை விளக்கத்தின் வாசலில் வண்டி நின்றுபோனது.

இருபது வருஷம் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனிதர். மூடியைத் தூக்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டி கிளம்பவில்லை. கால் மரத்துப்போச்சு என்று குட்டி கதவைத் திறந்தாள். அக்கா குதித்து இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வியர்த்துச் சூடாக இருந்தது. நாடித் துடிப்பு கூட விரலில் தெரிந்தது.

"என்னக்கா நீ? ஓடிப் போறதுக்கு நான் என்ன சின்னக் குழந்தையா?"

குட்டி அப்படிச் சொல்லி முடிக்கவில்லை, அந்த வாடை வந்தது. வாசற்கதவுக்குப் பக்கத்தில் அவர். கையை நீட்டினார்.

"வேணாம். நாங்க படம் எடுக்கல" என்றாள் அக்கா. ஃபோன் அவள் கைப்பைக்குள், ஜிப் போட்டு இருந்தது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கையைக் கீழே போட்டார். பிறகு, வெறுங்கையோடு...

டக்.

அக்கா பிடியை விடவில்லை. இன்றைக்கும் அதைத்தான் சொல்வாள், நான் கையை விடவே இல்லை என்று. ஆனால் அந்த நொடியில் மணிக்கட்டு சில்லிட்டது. ராத்திரி முழுக்க வெளியே கிடந்த இரும்புக் கம்பியைப் பிடித்த மாதிரி. நாடி எங்கே என்று விரல் தேடியது... கிடைக்கவில்லை. எஞ்சின் ஒரே திருப்பலில் கிளம்பியது. குட்டி பேசாமல் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நிமிர்ந்த முதுகு. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. கையைப் பிடித்து இழுத்ததில் கோபம் போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். இப்போதுதானே சமாதானம் ஆனோம், கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

படகில் ஏறிய பிறகு அக்கா ஃபோனைத் திறந்தாள். நாலாவதாக ஒரு படம் இருந்தது. மெக்கானிக் எஞ்சின் மேல் குனிந்திருக்கிறார். அக்கா காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கலங்கரை விளக்கத்தின் உச்சியில், சுற்று மாடத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள். பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறாள். வாய் திறந்திருக்கிறது.

அக்கா தலையைத் தூக்கியபோது படகுக்கும் கரைக்கும் நடுவில் நூறடித் தண்ணீர். அதுதான் கடைசிப் படகு.

அக்காவின் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டாள் குட்டி. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். ஃபோன் எங்கே என்றதற்கு, விழுந்துவிட்டது என்றாள். பிறந்ததிலிருந்து அக்காவை 'நீ, வா, போ' என்றவள், மறுநாள் காலையில் "காபி போடட்டுமாங்க அக்கா?" என்று கேட்டாள். போட்ட காபி நன்றாகத்தான் இருந்தது. அக்காவால் அதைக் குடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம், கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. குட்டியின் பழைய எண். எடுத்தால் காற்று இரைகிற சத்தம். அப்புறம் மூச்சு.

"அக்கா... எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? மேலேர்ந்து அவ்ளோ கத்தினேன். கார் கிளம்பிடுச்சு. இப்பதான் இறங்கி வரேன்... இருட்டுது அக்கா."

வெளியே சுட்டெரிக்கிற பகல்.

மறுநாளே கணவனும் மனைவியும் தீவுக்குப் போனார்கள். சாலையை இரண்டு சுற்று சுற்றினார்கள். கலங்கரை விளக்கத்தின் கதவில் பூட்டு, சாவித்துவாரம் வரைக்கும் துரு. வெள்ளைச் சட்டைக்காரரைக் கோட்டையில் யாருக்கும் தெரியவில்லை. போலீஸிடம் போய் என்னவென்று சொல்வது? காணாமல் போனவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

அழைப்பு மட்டும் நிற்கவில்லை. நாலைந்து நாளுக்கு ஒன்று. நடந்துகொண்டே இருக்கிறேன், ஒரு வண்டியும் நிற்க மாட்டேன் என்கிறது என்பாள். அக்கா ஒவ்வொரு தடவையும் வழி சொன்னாள். கடலை ஒட்டியே வா. மைல்கல்லைப் பார்த்து வா. படகுத்துறைக்கு வந்து, படகில் ஏறி உட்கார்ந்துகொள். சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். வேறு என்ன செய்ய முடியும்?

ஒருநாள் அழைப்பில் தண்ணீர் சலசலப்பும் சங்கிலி உரசும் சத்தமும் கேட்டன. படகு தெரியுது அக்கா என்றாள். அதோடு அறுந்துவிட்டது.

அன்று இரவு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் அக்காவின் ஃபோன் அதிர்ந்தது. அதே எண். அக்கா கையை நீட்டுவதற்குள் எதிரில் இருந்தவள் ஃபோனின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"எடுக்காதீங்க அக்கா. நீங்க பேசப் பேசத்தான் அவளுக்கு வழி தெரியுது. அவ வந்துட்டா... நான் அங்க போகணும்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஃபோன் அந்த உள்ளங்கைக்கு அடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நீண்ட நேரம். அக்கா எடுக்கவில்லை.